ரியோ கிராண்டே இறங்கும் வழி

துபாய் கம்பெனி வீரபாண்டியை ஜமைக்காவுக்குப் பாலம் கட்ட அனுப்பி நாலைந்து மாதம் இருக்கும். துபாயில், கராமா ஃப்ளாட்டில் தனியாக இருந்த அவன் மனைவி உமாராணிக்கு அந்தத் தீவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவன் ஃபோனில் சொன்னதுதான். ரியோ கிராண்டே என்று ஒரு ஆறு. இரண்டு மலைத்தொடருக்கு நடுவே பிறந்து, வளைந்து வளைந்து வடக்கே இறங்கிக் கடலில் விழுகிறது. சுற்றுலா வருகிறவர்கள் மூங்கில் தெப்பத்தில் அதில் சவாரி போவார்கள். பாலம் வருவது முகத்துவாரத்தில். வேலைக்காரர்கள் தங்கும் கேம்ப்பும் அங்கே கரையிலேயே.

2004 செப்டம்பரில் பெரும்புயல் ஒன்று அந்தத் தீவை உரசிக்கொண்டு போனது. அதோடு வீரபாண்டியின் ஃபோனும் நின்றுபோனது. மலையில் மழை கொட்டுகிறது, ஆறுகள் பெருகி வருகின்றன என்று டிவியில் சொன்னார்கள். உமாராணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கீழ்வீட்டு ஷம்சியா, காயல்பட்டினத்துக்காரி, அவளை இன்டர்நெட் கடைக்குக் கூட்டிப்போய் அந்த ஆற்றின் வரைபடத்தைத் தேடிக் காட்டினாள். உமாராணி நீலக்கோட்டின்மேல் விரலை வைத்து மலையிலிருந்து இறங்கி வந்தாள். வழியெல்லாம் ஓடைகள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன.

"எல்லாத் தண்ணியும் கடைசியில அவுக இருக்க இடத்துக்குத்தானக்கா வருது?"

ஷம்சியா மழுப்பவில்லை. "வரத்தான் செய்யுது. ஆனா பக்கத்துலயே மேடும் இருக்கு பாரு. தண்ணி ஏறுறதப் பாத்துக்கிட்டு மனுசன் சும்மா உக்காந்திருப்பானா?"

மறுநாள் சாயங்காலம் ஷம்சியா மேலே வந்திருந்தபோது ஃபோன் அடித்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"உமா, நான்தான். எல்லாரும் நல்லாருக்கோம். மேட்டுல ஒரு பள்ளிக்கூடத்துல தங்கியிருக்கோம்."

உமாராணி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதாள். ஷம்சியா ரிசீவரை வாங்கி, "இங்கதான் இருக்கா தம்பி, அழுவுறா. நீங்க பேசுங்க, கேட்டுக்குவா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

"கேம்ப் போயிருச்சு உமா. பெட்டி, துணிமணி எல்லாம் கடலுக்குப் போயிருச்சு. ஆனா இதக் கேளு. ஆறு மணல்திட்ட ஒடச்சுக்கிட்டு மேற்க போயி கடல்ல விழுது. நாங்க எழுப்புன தூணெல்லாம் வெறும் மணல்ல நிக்குது. எஞ்சினியரு தலையில கைவச்சு உக்காந்துட்டாரு."

"அப்ப பாலம்?"

"ஆறு திரும்பி வரணும். இல்லாட்டி பாலம் ஆத்தத் தேடிப் போகணும்."

உமாராணி சிரித்துவிட்டாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். ஊர்க்காரர்கள் அவித்த வாழைக்காயும் மீனும் கொடுத்தார்களாம்.

ஃபோனை வைத்ததும் அவள் அரிசி களைந்தாள். ஷம்சியா வெங்காயத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.