கண்ணாடிக் கதவு லாரி

லாரி என்றால் ஏற வேண்டும். ஒரு கை பிடிக்கம்பியில், ஒரு கால் படியில், மூச்சைப் பிடித்து மூன்று எட்டு. உட்கார்ந்து கீழே பார்த்தால் ஊரே காலடியில் கிடக்கும். இருபத்தாறு வருஷமாக ஆர்வீதாஸ் அப்படித்தான் வேலைக்குப் போனார். அந்தத் திங்கட்கிழமை காலை அவர் ஏறவில்லை. ஒரே ஒரு படி வைத்து, டவுன் பஸ்ஸில் நுழைவதுபோல லாரிக்குள் நுழைந்தார்.

"யோவ், டிக்கெட் எடுத்தியா?" என்று முற்றத்திலிருந்து குரல் வந்தது.

ஃப்ளெமிங். அதே கம்பெனியில் ஹாம்பர்க் ரூட் ஓட்டுபவன். வாய்க்குப் பூட்டே கிடையாது.

"நீ முதல்ல உன் வண்டியைக் கழுவு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார் ஆர்வீதாஸ். சாத்தியும் பயனில்லை. வலதுபக்கக் கதவு மேலிருந்து கீழ்வரை கண்ணாடி. அதன் வழியாக ஃப்ளெமிங் வாயைக் குவித்துத் திறந்து மூடி, மீன் மாதிரி செய்து காட்டுவது நன்றாகத் தெரிந்தது.

எல்லாம் ஓர்ஹுஸ் மாநகராட்சியின் புது விதியால் வந்த வினை. மார்ச் முதல் தேதியிலிருந்து ஊருக்குள் கட்டட வேலைக்கு வரும் கனரக வண்டிகள் தாழ்ந்த கேபினோடு வர வேண்டும். பக்கத்தில் சைக்கிளில் நிற்பவரை ஓட்டுநர் ஆறு பக்கக் கண்ணாடிகளில் தேடக் கூடாது, நேராகக் கண்ணால் பார்க்க வேண்டும். உயரக் கேபின் லாரிகள் நெடுஞ்சாலையோடு நின்றுகொள்ளலாம்.

முதலாளி டோர்ட்டே கடன் வாங்கி இப்படி ஒரு வண்டி வாங்கிவிட்டாள். துறைமுகத்திலிருந்து ஜல்லி ஏற்றி, புதிதாகக் கட்டும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டும் வேலை. ஓட்டத்தான் ஆளில்லை. எல்லோரும் அதற்கு மீன் தொட்டி என்று பெயர் வைத்துவிட்டு நழுவினார்கள்.

"நீ ஊருக்குள்ளயே குடியிருக்க ஆர்வீதாஸ், தினம் சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று டோர்ட்டே அவரைப் பிடித்தாள். "ஒரு வாரம் ஓட்டிப் பாரு. பிடிக்கலேன்னா வெள்ளிக்கிழமை சாவியைக் குடுத்துடு. ராட்டர்டாம் ரூட் உனக்குத்தான். நான் இந்த வண்டியைத் திருப்பிக் குடுத்துட்டு, பள்ளிக்கூட வேலையை வேற யாருக்காவது விட்டுடறேன்."

வெள்ளிவரைதானே என்று ஒத்துக்கொண்டிருந்தார். மனதுக்குள் சாவியை ஏற்கெனவே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. மனைவி மில்டாவிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. ராட்டர்டாம் என்றால் வாரத்தில் நாலு ராத்திரி வெளியே. அவள் முகம் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும்.

துறைமுகச் சாலையில் எதிரே ஒரு பெரிய லாரி வந்தது. ஆர்வீதாஸ் வழக்கம்போலக் கையை உயர்த்தினார். லித்துவேனியாவில் ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து ஸ்பெயின் கோடிவரை, எதிரே லாரி வந்தால் கை தூக்குவார், அவனும் தூக்குவான். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஆனால் நீயும் நானும் ஒரே சாதி என்று அர்த்தம். எதிரே வந்தவன் இவர் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு போய்விட்டான். அடுத்தவனும் அப்படியே. மூன்றாவது ஆள் பார்த்தான். தாழ்ந்த கேபினைப் பார்த்து, இந்தக் குப்பை வண்டி எதற்குக் கை காட்டுகிறது என்று புருவத்தைச் சுருக்கிக்கொண்டு போனான்.

கையை இறக்கி ஸ்டியரிங்கில் வைத்தார் ஆர்வீதாஸ். ராட்டர்டாம், ராட்டர்டாம் என்று சொல்லிக்கொண்டார்.

ஏழே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்துக்கு வலப்பக்கம் திரும்பும் சிக்னல் வந்தது. சிவப்பு. நின்றார். வலப்பக்கம் சைக்கிள் பாதை. வேலைக்கும் படிப்புக்கும் போகிற கூட்டம் சரசரவென்று வந்துகொண்டிருந்தது. உயரக் கேபினில் இருந்த காலத்தில் இவர்களெல்லாம் அவருக்குக் கண்ணாடியில் ஊரும் ஹெல்மெட்டுகள் மட்டுமே. இப்போது தோளுக்குத் தோள், மூக்குக்கு மூக்கு.

முதலில் வந்தது சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஓர் அம்மாள். லாரியை நெருங்கியதும் வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினாள், உள்ளங்கையை விரித்து.

ஆர்வீதாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கா? சட்டென்று தானும் கையைத் தூக்கினார். பின்னாலேயே வந்த நெட்டை ஆளும் கை தூக்கினான். அவனுக்கும் பதில் வணக்கம் போனது. அப்புறம் முதுகுப்பை மாட்டிய ஒரு பெண். அப்புறம் கோட்டு சூட்டு. வந்தவர்கள் எல்லோரும் கை தூக்க, ஆர்வீதாஸ் கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் பெண்ணின் தகப்பனைப்போல ஒருவர் விடாமல் வரவேற்றார். சிவப்புத் தொப்பி அம்மாள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பிறகு சிரித்தாள்.

அன்று மாலை உருளைக்கிழங்கு அடையைத் தட்டில் வாங்கிக்கொண்டே மில்டாவிடம் கதை கதையாகச் சொன்னார்.

"இந்த ஊருல ஆறு வருஷமா இருக்கோம், ஒருத்தனும் குட் மார்னிங் சொல்ல மாட்டான்னு நீதானே சொன்ன? என்னைப் பாரு. ஒரே சிக்னல்ல இருபத்தெட்டு பேர் வணக்கம் வெச்சாங்க."

"சைக்கிள்காரங்களா?" என்றாள் மில்டா. அவள் தினமும் பல் மருத்துவமனை வேலைக்குச் சைக்கிளில் போகிறவள். வாயோரம் ஏதோ துடித்தது. "நல்லதுதானே. இன்னொரு அடை வெச்சுக்கோ."

செவ்வாயும் புதனும் இப்படியே போயின. வியாழக்கிழமை மதியம் கம்பெனிச் சாப்பாட்டு அறையில் ஃப்ளெமிங் மறுபடியும் மீன் வாயைக் குவித்தபோதுதான் ஆர்வீதாஸுக்குப் பொறுக்கவில்லை.

"நீ உச்சாணிக் கொம்புல உக்காந்துக்கிட்டு போ. எனக்கு இந்த ஊர் ஜனமே மரியாதை குடுக்குது, தெரியுமா? சிக்னலுக்கு வரும்போதே எல்லாரும் இப்படிக் கையைத் தூக்குறாங்க."

தூக்கிக் காட்டினார்.

ஃப்ளெமிங் வாயிலிருந்த ரொட்டியை அவசரமாக விழுங்கினான். "யோவ்... அது வணக்கம் இல்லய்யா. சைக்கிள்ல போறவன் நிக்கப்போறேன்னு பின்னால வர்றவனுக்குக் காட்டுற சைகை! இங்க ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும்!"

அறை அதிர்ந்தது. ஒருவன் மேசையைத் தட்டினான். ஒருவன் கண்ணைத் துடைத்தான். காபிக் குவளையோடு வாசலில் நின்ற டோர்ட்டேகூட முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீ பதிலுக்கு என்ன பண்ணின?" என்றான் ஃப்ளெமிங்.

ஆர்வீதாஸ் காது மடல் வரை சிவந்துபோய் எழுந்து போனார்.

வீட்டில் சட்டையைக்கூட மாற்றாமல் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"எது?"

"கை தூக்குறது."

மில்டா அடுப்பை அணைத்தாள். "திங்கட்கிழமையே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சாப்பாட்டு மேசையில உக்காந்து இவ்வளவு பேசி நான் உன்னைப் பார்த்ததே இல்ல. அதைப் போய்க் கெடுக்கச் சொல்றியா?"

"ஊரே என்னைப் பைத்தியக்காரன்னு நினைச்சிருக்கும். நாளைக்குச் சாவியைக் குடுத்துட்டு ராட்டர்டாம் போறேன்" என்றார். கடைசியில் சொல்லியேவிட்டார்.

மில்டா குழம்புச் சட்டியை ஓசையில்லாமல் இறக்கி வைத்தாள். அவள் ஓசையில்லாமல் வைத்தால் அர்த்தமே வேறு.

வெள்ளிக்கிழமை ஏழே முக்காலுக்கு அதே சிக்னல். ஆர்வீதாஸ் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் ஆணி அடித்ததுபோல வைத்துக்கொண்டார். நேரே பார்வை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை கேமரா திரை காட்டும், அது போதும். சிவப்புத் தொப்பி வந்து நின்றது. திரும்பவில்லை. நெட்டையன் வந்தான். திரும்பவில்லை.

பச்சை விழுந்தது. அவர்கள் நேரே போன பிறகுதான் இவர் வலப்பக்கம் திரும்ப முடியும். காத்திருந்தார். யாரும் போகவில்லை. திரையில் பார்த்தார், சைக்கிள்கள் பாதை முழுக்க வால் மாதிரி நீண்டு நின்றன. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அதற்குள் மறுபடி சிவப்பு. பின்னால் இப்போது ஒரு பஸ்ஸும் சேர்ந்துகொண்டது.

டக் டக்கென்று கண்ணாடிக் கதவைத் தட்டும் சத்தம். சிவப்புத் தொப்பி அம்மாள். ஆர்வீதாஸ் வேறு வழியில்லாமல் ஜன்னலை இறக்கினார்.

"ஏம்பா, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீங்க ஏன் போகல?"

"நீ கையைத் தூக்கலையே! தூக்கினாத்தானே எங்களைப் பார்த்துட்டேன்னு தெரியும்? திரும்புற லாரி பக்கத்துல சும்மா கிளம்பிப் போறதுக்கு எனக்கென்ன கிறுக்கா?"

"அம்மா, எனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. நீங்க எனக்கு வணக்கம் வெக்கல. அது நிக்கிற சைகை."

"திங்கட்கிழமை அப்படித்தான்" என்றாள் அவள். "செவ்வாய்க்கிழமை உனக்குத்தான் வெச்சேன். என் பேரு போடில். குழந்தைகள் காப்பகத்துல சமையல். அதோ அந்த நெட்டையன் ராஸ்முஸ். மூணு வருஷமா இதே சிக்னல்ல பக்கத்துல பக்கத்துல நிக்கிறோம், ஒரு வார்த்தை பேசினதில்ல. இப்ப உன் கை முதல்ல யாருக்கு உயரும்னு ஒருத்தருக்கொருத்தர் பந்தயம் கட்டுறோம்."

"நேத்து நான்தான் ஜெயிச்சேன்!" என்று பின்னாலிருந்து ராஸ்முஸ் கத்தினான். "ஒரு பன் வாங்கித் தரணும், இன்னும் தரல!"

"தர்றேன், அலையாதே!" என்று அவனை அதட்டிவிட்டு போடில் மறுபடி இவர் பக்கம் திரும்பினாள். "பச்சை வரப்போகுது. எட்டு மணிக்குப் பிள்ளைகளுக்குக் கஞ்சி வெச்சிருக்கணும், இன்னிக்கு ஏற்கெனவே லேட்டு. தூக்குறியா, இல்ல இங்கேயே அடுப்பு மூட்டட்டுமா?"

சைக்கிள் வரிசை முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பஸ் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். பச்சை விழுந்தது. ஆர்வீதாஸ் வலது கையை மெல்லத் தூக்கினார், உள்ளங்கையை விரித்து. ஒரே நேரத்தில் முப்பது கைகள் எழுந்தன. மணிகள் கிணுகிணுக்க சைக்கிள்கள் அவரைத் தாண்டிப் பாய்ந்தன. கடைசி ஆள் போன பிறகுதான் அவர் வண்டியைத் திருப்பினார். அப்போதும் கையை இறக்க அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மதியம் டோர்ட்டேயின் அறைக்குப் போனார். அவள் ராட்டர்டாம் தாளைத் தயாராக மேசைமேல் வைத்திருந்தாள். ஓரத்து நாற்காலியில் ஃப்ளெமிங், வேடிக்கை பார்க்கவென்றே வந்தவன்.

"சரி, சாவியைக் குடு" என்றாள் டோர்ட்டே, பெருமூச்சோடு.

"குடுக்கிறதா இல்ல" என்றார் ஆர்வீதாஸ். "பள்ளிக்கூட வேலை முடிய எத்தனை மாசம்?"

"பதினாலு."

"அதுக்கப்புறமும் ஊருக்குள்ளேயே ஏதாவது பிடிச்சு வைங்க."

டோர்ட்டே அந்தத் தாளை எடுத்து நான்காக மடித்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "அப்போ ராட்டர்டாமுக்கு யார் போறது?"

இருவரும் ஒரே சமயத்தில் ஃப்ளெமிங்கைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்வீதாஸ் கைபேசியை எடுத்து மில்டாவின் எண்ணை அழுத்திக்கொண்டே முற்றத்துக்கு இறங்கினார்.