நாலு வருஷ பேட்டரி

அந்த மாசம் வீட்டுக்குள் வந்த சாமான் ஒன்றுகூட ஒரு வருஷத்துக்கென்று வாங்கினதாகப் பத்மப்ரியாவுக்குப் படவில்லை. முதலில் இன்வெர்ட்டர் வந்தது. அப்புறம் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின். அப்புறம் வாசல் கதவுக்கு வெளியே இன்னொரு இரும்புக் கதவு. அதைத் திறந்து பால் பாக்கெட் எடுப்பதற்குள் பால் திரிந்துவிடும், அத்தனை தாழ்ப்பாள். எல்லாம் அவள் புருஷன் சுதர்சன் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டது.

கம்பெனி அவனை ஆன்சைட் என்று அமெரிக்கா அனுப்புகிறது. ஒரு வருஷம். பத்மப்ரியா ஹைதராபாத் மாரேட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே ஒரு வருஷத்துக்காக வேலையை விட வேண்டாம், அனுவையும் இப்போதுதான் எல்.கே.ஜி. சேர்த்திருக்கிறது, நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள் என்று அவளேதான் சொன்னாள். அல்வால் ஃப்ளாட்டில் பெண்டாட்டியும் பிள்ளையும் தனியாக இருக்கப் போகிறார்களே என்று மனுஷன் அக்கறையாகச் செய்கிறான், இதில் என்னம்மா குற்றம் கண்டுபிடித்தாய் என்று நீங்கள் கேட்கலாம். கீழ் வீட்டு லலிதாவைத் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

லலிதாவின் புருஷன் சௌந்தரராஜன் ஆறே மாசம் என்று சொல்லி விமானம் ஏறினவர். ஆறு மாசம் ஒரு வருஷமானது. பிராஜெக்டை நீட்டிவிட்டார்கள் என்றார். மறுபடியும் நீட்டினார்கள். இப்போது நாலாவது தீபாவளிக்கும் போனில்தான் வாழ்த்துச் சொன்னார். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மாமியாரை விட்டுவிட்டு லலிதாவால் கூடப் போகவும் முடியவில்லை. போவதற்கு முன்னால் அவரும் இப்படித்தான் இன்வெர்ட்டர், தண்ணீர் மெஷின், இரும்புக் கதவு என்று ஒன்று விடாமல் வாங்கிப் போட்டுவிட்டுப் போனாராம். லலிதா சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள்: “எல்லாம் நல்லா ஓடுது பத்மா. கரண்ட் போனா டக்குனு லைட் வந்துரும். இவர்தான் வர மாட்டேங்கறார்.”

அதைக் கேட்ட நாளிலிருந்து பத்மப்ரியாவுக்கு நிம்மதி போய்விட்டது. வீட்டுக்கு ஒவ்வொரு அட்டைப்பெட்டி வரும்போதும், இவனும் ஒரு வருஷம் என்று சும்மா சொல்கிறான், உள்ளே வேறு ஏதோ கணக்கு வைத்திருக்கிறான் என்று தோன்றும். நேராகக் கேட்டுவிட வேண்டியதுதானே? கேட்டுவிடலாம். கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதனால் கேட்காமலே, லலிதா வீட்டுக் கதையைச் சொல்லிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு, பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் மக்கர் பண்ணியது. சுதர்சனுக்குப் பெரிய பெட்டி ஒன்று வாங்க செகந்திராபாத் கிளம்பினார்கள். அனுவை லலிதாவிடம் விட்டாயிற்று. சாவியைத் திருப்பினால் ‘கடக்’ என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. மறுபடி திருப்பினால் அந்தச் சத்தமும் இல்லை. அவர்களுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கின பழைய மாருதி. இத்தனை நாள் அது ஓடினதே அதன் பெருந்தன்மை.

சுதர்சனும் வாட்ச்மேனும் பின்னாலிருந்து தள்ள, பத்மப்ரியா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். டிரைவிங் ஸ்கூல் முடித்து இரண்டு மாசம்தான் ஆகிறது. செகண்ட் கியரைப் போட்டு, சரியான நேரத்தில் கிளட்சை விட்டாள். வண்டி ஒரு உலுக்கு உலுக்கிப் பிடித்துக்கொண்டது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல கை. மூச்சு வாங்க ஓடிவந்து ஏறின புருஷனை உட்கார வைத்து, எங்கேயும் ஆஃப் ஆகவிடாமல் லோத்துகுண்டா வரைக்கும் அவளே ஓட்டிக்கொண்டு போய் இர்பான் பாயின் பேட்டரிக் கடை வாசலில் நிறுத்தினாள்.

இர்பான் பாய்க்குப் பூர்வீகம் ஆம்பூர். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். தமிழ் பேசுவார், ஆனால் அதில் பாதிக்குப் பாதி ஹைதராபாத் கலந்திருக்கும். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இதுக்கு இனிமே உயிர் வராது சார். புதுசுதான் போடணும்.”

இரண்டு பேட்டரிகளைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தார்.

“இது சாதா. ஒன்றரை வருஷம் வாரண்டி. மாசாமாசம் தண்ணி பாத்து ஊத்தணும். இது பெரிய கம்பெனி மால். விலை கிட்டத்தட்ட டபுள் வரும், பொய் எதுக்கு சொல்லணும்? ஆனா தண்ணி ஊத்துற வேலையே நக்கோ, கிடையாது. நாலு வருஷம் வாரண்டி.”

“நான் ஊர்ல இருக்க மாட்டேன் பாய். இவங்கதான் தனியா ஓட்டணும்,” என்றான் சுதர்சன்.

“ஹவ், ஆமா சார், அப்ப யோசிக்கவே வேணாம். மேடம் நாலு வருஷத்துக்குப் பானெட்டைத் திறந்தே பாக்க வேணாம்.”

“அதையே போடுங்க.”

நாலு வருஷம். அந்த வார்த்தை பத்மப்ரியாவுக்கு நெஞ்சில் போய்த் தைத்தது.

“வேண்டாம் பாய். சாதாவே போதும்,” என்றாள்.

சுதர்சன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கத்தரிக்காய் வாங்கினால்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து நல்லதாகப் பொறுக்குகிறவள். “என்ன, திடீர்னு சிக்கனம்? நாளைக்கு நடு ரோட்டுல நின்னுட்டா என்ன பண்ணுவே?”

“தள்ளுவேன்.”

“யாரு தள்ளுவா, நீயா?”

“ஊர்ல வேற ஆளே இல்லையாக்கும். நீங்க ஒருத்தர்தான் தள்ளத் தெரிஞ்சவரு.”

“ஏட்டி, வம்புக்குன்னே பேசுதியா? நான் அங்கன உக்காந்துக்கிட்டு, இவ எங்க நிக்காளோ, பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுதாளோன்னு நினைச்சுக்கிட்டுக் கிடக்கவா? காசப் பாக்காதே.”

“காச யாரு பாத்தா?”

இர்பான் பாய் எத்தனை புருஷன் பெண்டாட்டிகளைப் பார்த்தவர். “நான் சாய் சொல்லிட்டு வர்றேன்,” என்று நைசாகத் தெருவுக்கு இறங்கிவிட்டார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம். பத்மப்ரியாவுக்கு அத்தனை நாள் அடக்கிவைத்தது தொண்டைக்கு வந்துவிட்டது.

“நாலு வருஷம் எதுக்குங்க? ஒரு வருஷம்னுதானே சொன்னீங்க?”

சுதர்சனுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குனிந்து செருப்பைப் பார்த்தான், மேஜைமேல் இருந்த பேட்டரியின் பிடியைத் தூக்கினான், மடக்கினான். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள் அவள். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“சொல்லிருங்க. எத்தனை வருஷமா இருந்தாலும் இப்பமே சொல்லிருங்க. அங்கன போய் போன்ல சொல்லாதீங்க.”

“கோவப்படக் கூடாது.”

“மொதல்ல சொல்லுங்க.”

“மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டான் பத்மா. மூணு வருஷம் அங்கனயே இருக்கேன்னு சொல்லு, உன்னையே டீம் லீடா போட்டு அனுப்புதேன்னான்.”

“சரின்னுட்டீங்களா?”

“இல்ல.”

“என்னது?”

“முடியாதுன்னுட்டேன். ஒரு வருஷம் ஒத்துக்கிட்டேன், அதுக்கு மேல ஒரு நாள் இருக்க மாட்டேன்னுட்டேன். உடனே பாலச்சந்திரனை லீடாப் போட்டுட்டாங்க. எனக்குப் பொறவு சேந்த பய. இப்ப அவனுக்குக் கீழ ஒரு வருஷம் கைகட்டி வேலை பாத்துட்டு வரணும்.” அவன் இன்னும் பேட்டரிப் பிடியை விடவில்லை. “தப்புப் பண்ணிட்டேன்னு நினைக்கியா?”

பத்மப்ரியாவுக்கு ஒரு மாசமாக நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ இரண்டு கையாலும் தூக்கி எடுத்தமாதிரி இருந்தது. முதலில் அழுகைதான் வந்தது. பின்னாலேயே ஆத்திரமும் வந்தது.

“இதை வீட்டுல சொன்னா என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?”

“எப்படிட்டி சொல்ல? பாளையங்கோட்டையில உங்கப்பா தெருவெல்லாம் தம்பட்டம் அடிச்சு வச்சிருக்காரு, மருமகன் டாலர்ல சம்பாரிச்சு வீடு கட்டப் போறாருன்னு. நீயும் ஒரு மாசமா லலிதா வீட்டுக் கதையச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விட்டுக்கிட்டே இருந்தே. அவங்க வீட்டுல அது இருக்கு, இது இருக்குன்னு ஏங்குதே போலன்னு நினைச்சேன். சரி, பெரிய வேலையத்தான் விட்டுட்டோம், அவங்க வீட்டுல இருக்க சாமானாவது நம்ம வீட்டுல இருக்கட்டும்னு ஒவ்வொண்ணா வாங்கினேன்.”

பத்மப்ரியா அவனையே பார்த்தாள். அடப்பாவி மனுஷா! அவள் பயந்துபோய் விட்ட மூச்சையெல்லாம் இவன் ஆசை மூச்சு என்று எண்ணிக்கொண்டு, அதற்கு இன்வெர்ட்டர் வாங்கி மாட்டியிருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். எழுந்து அவன் தோளில் பட்டென்று ஒரு அடி போட்டாள். அது போதாமல் இன்னொன்றும் போட்டாள்.

“ஏங்க, அவ புருஷன் வரலையேன்னு அவ சொல்லுதா. நீங்களும் வராமப் போயிருவீங்களோன்னு நான் கிடந்து சாவுதேன். உங்களுக்கு இன்வெர்ட்டரு கேட்குதோ?”

“அப்ப உனக்குக் கோவம் இல்லையா?”

“கோவம்தான். நல்லாக் கோவம். வீட்டுக்கு வாங்க, வச்சிக்கிடுதேன்.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “அப்பாட்ட நான் பேசிக்கிடுதேன். பாலச்சந்திரனுக்குக் கீழதான வேலை, பாத்துட்டு வாங்க. ஒண்ணும் குறைஞ்சு போக மாட்டீங்க.”

சுதர்சனும் ஒரு பெரிய மூச்சு விட்டான். அந்தப் பெரிய வேலையை வேண்டாமென்று விட்ட நாளிலிருந்து அவன் சரியாகச் சிரித்து அவள் பார்க்கவில்லை. இப்போது சிரித்தான். பல் எல்லாம் தெரிகிற அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடி கண் நிறைந்தது.

மூன்று கிளாஸ் சாயோடு இர்பான் பாய் படியேறினார். மேடம் கண் சிவந்திருக்கிறது, ஆனால் சிரிக்கிறாள். சண்டை எந்தப் பக்கம் முடிந்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சாதா பேட்டரியைத் தன் பக்கம் இழுத்தார்.

“மேடம் சொன்னதே போட்டுடவா?”

“இல்ல பாய்,” என்றாள் பத்மப்ரியா. “அந்தப் பெருசையே போடுங்க.”

சுதர்சனுக்கு சாய் புரையேறியது. “இப்பதானே வேண்டாம்னு அந்தக் குதி குதிச்சே?”

“அப்ப நான் மட்டும்தான் ஓட்டணும்னு நினைச்சேன். ஒருத்தி தனியா ஓட்டுததுக்கு நாலு வருஷம் ரொம்ப ஜாஸ்தி.” அவள் அந்தப் பெரிய பேட்டரியை அவன் பக்கமாகத் தள்ளினாள். “ரெண்டு பேரும் சேந்து ஓட்டணும்னா, நாலு வருஷம் எப்படிங்க காணும்?”

இர்பான் பாய் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கார் பக்கம் நடந்தார்.