மனுஷ உதவி இல்லாத நேரத்தில்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஸ்தோத்திரக் கூட்டத்தில் கிடைத்தது. தலையைக் குனிந்து கண்ணை மூடியிருக்க வேண்டிய நேரத்தில் காதை மட்டும் திறந்துவைத்திருந்தேன். எழுதுகிறவர்களை ஜெபத்துக்குக் கூப்பிடக் கூடாது.

2005, பெங்களூர் ஒக்கலிபுரம். டோரீனின் மகன் அமலுக்குச் சர்ச்சில் திடப்படுத்தல் ஆராதனை நடந்த அன்று சாயங்காலம். சபையாரும் அக்கம்பக்கத்தாரும் கூடியிருந்தோம். மொட்டைமாடியில் பிரியாணி. டோரீன் எழுந்து, வருஷா வருஷம் சர்ச்சில் சொல்கிற அதே சாட்சியைச் சொன்னாள்.

"தொண்ணூத்தொண்ணுல, காவேரி கலாட்டால, தமிழ் ஆளுங்க வீடு எதுன்னு தேடித்தேடி வந்தாங்க. இவரு ரயில்வே டூட்டில அரக்கோணத்துல மாட்டிக்கிட்டாரு. கைக்குழந்தையோட நான் தெருவுல நிக்கிறேன். எல்லாக் கதவும் சாத்தியிருக்கு. மனுஷ உதவியே இல்லாத அந்த நேரத்துல ஆண்டவர் ஒரு கதவத் திறந்தார்!"

எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம். எதிர்வீட்டுக் கன்னடக்காரி காந்தா மட்டும் எழுந்து, சாப்பிடாமலே போய்விட்டாள்.

2

நான் எழுதிப்பார்த்த தொடக்கம் ஒன்று: "டோரீன் ஓடினாள். அவளுக்குப் பின்னால் தெருவே—"

(வேண்டாம். அன்று நான் அங்கே இல்லை. ஓடாதவன் ஓட்டத்தை வர்ணிக்கக் கூடாது.)

தொடக்கம் இரண்டு: "கோவிந்தப்பா கதவைத் திறந்தார். கையில் இரும்புக் கம்பியோடு வாசலில் நின்றார். காந்தா உள்ளேயிருந்து காபி கொண்டுவந்தாள்."

இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. டோரீன் எங்கே ஒளிந்திருந்தாள் என்று விசாரித்தபோது 'கோவிந்தப்பா வீட்டில்' என்றார்கள். காந்தாவின் புருஷன், சைக்கிள் கடை வைத்திருப்பவர், கம்பிக்குப் பஞ்சமில்லை. கலவரத்துக்கு நடுவில் யார் காபி போடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.*

* சாட்சிக்கும் கதைக்கும் இதில் ஒரே புத்தி. இருட்டு, கூப்பாடு, விடுதலை. நடுவில் ஆள் கூடினால் இரண்டுக்கும் பிடிக்காது.

3

மறுநாள் டோரீன் டிபன் பாக்ஸில் பிரியாணியோடு எதிர்வீட்டுக்குப் போனாள். (அவளே எனக்குச் சொன்னது. அழுகையை மட்டும் நான் குறைத்திருக்கிறேன்.)

"ஏன்க்கா சாப்பிடாம வந்துட்டீங்க?"

காந்தா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "மனுஷ உதவியே இல்லன்னியே. அப்ப நான் யாரு டோரீன்?"

"ஐயோ, சாட்சில அப்படித்தான்க்கா சொல்லுவோம். ஆண்டவருக்கு மகிமை போகணும்னு."

"போகட்டும். நான் கேட்டனா? ஆனா கதவத் தெறந்தது இந்தக் கை. இவரு தெறக்காதேன்னாரு. நம்ம கடையக் கொளுத்திடுவாங்கன்னாரு."

உள்ளேயிருந்து கோவிந்தப்பாவின் குரல் வந்தது. "பய ஆய்த்தும்மா. பயந்துட்டேன்."

டோரீனுக்கு இது புதுச் செய்தி. அந்த வீட்டுக்குள் அப்படியொரு சண்டை நடந்தது அவளுக்குத் தெரியாது. வெட்கத்தில் அவசரப்பட்டு, "ஞாயித்துக்கிழமை சர்ச்லயே உங்க பேரச் சொல்றேன்க்கா" என்றாள்.

"சொன்னா முழுசாச் சொல்லு. அன்னிக்கு நான் அண்ணம்மா தாயியத்தான் நெனச்சேன். என்ன பண்ணட்டும் தாயின்னு கேட்டேன். தெறன்னா, தெறந்தேன். அத முழுங்கிட்டு என் பேர மட்டும் சொல்லாதே. அதுவும் சுள்ளுதான், பொய்தான்."

(அண்ணம்மா, மெஜஸ்டிக் பக்கத்தில் கோயில் கொண்டிருக்கும் அம்மன். எங்கள் சபையில் அந்தப் பெயரை மைக்கில் யாரும் சொன்னதில்லை.)

4

டோரீன் ஓய்வுநாள் பள்ளி டீச்சர். அண்ணம்மா பெயரைச் சொன்னால் வகுப்புப் பிள்ளைகளை அவளிடமிருந்து எடுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் காந்தா முகத்தில் எப்படி விழிப்பது?

"எழுதுறவர்தானே, ஒரு வழி சொல்லுங்கண்ணா" என்று என்னிடம் கேட்டாள். "ஆண்டவர் கதவுக்கு வெளிய என்கூட நின்னாருன்னு இத்தன வருஷமா சொல்லிட்டிருந்தேன். உள்ளயும் நின்னிருக்காரு, இப்பதான் தெரியுது. ஆனா அக்கா அவரக் கூப்பிடலையே! அத எப்படிச் சொல்றது?"

இத்தனை வருஷம் மனப்பாடமாக ஒப்பித்த ஒன்றை அவள் முதல்முறையாக யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் விசுவாசம் ஆட்டம் கண்டுவிட்டது என்று எழுதத்தான் வந்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. அவள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. கொஞ்சம் பொறாமையும்.

5

முடிவு அ: எல்லாவற்றையும் சொல்கிறாள். சபை மூப்பர் எழுந்து "ஸ்தோத்திரம்" என்கிறார். (எங்கள் மூப்பரை எனக்குத் தெரியும். சொல்லமாட்டார்.)

முடிவு ஆ: காந்தாவின் பெயரை மட்டும் சொல்கிறாள். சபை கைதட்டுகிறது. (எல்லோருக்கும் வசதி. காந்தாவுக்குத்தான் வேண்டாமாம்.)

முடிவு இ: அந்த ஞாயிறு டோரீன் சர்ச்சுக்கே—

இல்லை, போனாள். காந்தாவையும் தானே கூப்பிட்டுக்கொண்டு போனாள். சாட்சி நேரம் வந்தது. கடைசி பெஞ்சில் காந்தா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருக்கிறாள். டோரீன் மைக்கை வாங்கினாள். பழக்கதோஷத்தில் "மனுஷ உதவி..." என்று ஆரம்பித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. போதகர் தைரியப்படுத்துவதுபோல் தலையாட்டுகிறார்.

இங்கே நான் பேனாவை வைத்துவிடுகிறேன். ஏற்கெனவே ஒருமுறை அந்தக் கதவைத் தப்பான ஆளைக்கொண்டு திறந்தவன் நான். அவளுடைய மிச்ச வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். சபைக்காகக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். காந்தாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும்.