முன்சக்கரத்துப் புள்ளி

அந்தச் சனிக்கிழமை மதியம் சைக்கிள் கடையில் இருந்தவர்கள்:

கடைக்குச் சொந்தக்காரி, சக்கரம் கட்டுவதில் கை தேர்ந்த அக்கா.
டியூப் வாங்க வந்து, பேச்சு சுவாரசியமாகப் போனதால் கிளம்ப மனமில்லாமல் நின்ற தபால்காரர்.
இதை எழுதுபவன்.

(அவனுடைய தங்கை புருஷன் அங்கே இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே வந்திருக்காது.)

1

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு கற்பனை வளம் என்று யாராவது பாராட்டிவைத்தால் தாங்காது. ஒரு மார்க்கர் பேனாவிலிருந்து வந்தது.

இதை எழுதுபவன் ஒரு கிடங்கில் பதினோரு வருடம் இரவு ஷிப்டு பார்த்தவன். அட்டைப்பெட்டிகளின் மேல் எண் போடும் வேலை. ஒருநாள் டீ இடைவேளைக்கு வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போகவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை. டீ நன்றாக இருந்தது, உள்ளே போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சட்டைப்பையில் இருந்த கறுப்பு மார்க்கர் கூடவே வந்துவிட்டது.

இந்தக் கதையை அவன் மூன்று தடவை ‘நான்’ என்று தொடங்கிப் பார்த்தான்.

“நான் அந்தச் சக்கரத்தை விற்றபோது அது ஓரளவு நல்ல நிலையில்தான்” (அடித்தாயிற்று.)

“நான் செய்தது பெரிய தப்பு என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால்” (ஏனென்றால் என்ன? அடித்தாயிற்று.)

“நான்” (இதற்குமேல் பேனா நகரவில்லை. இதையும் அடித்தாயிற்று.)

அதனால் ‘அவன்’. உத்தி என்று நினைத்துவிடாதீர்கள். வெட்கக்கேடு.

2

வேலையை விட்டவனுக்குப் பகல் முழுக்க மிச்சம். ஒல்லி டயர் போட்ட ரேஸ் சைக்கிள் ஒன்று அவனிடம் இருந்தது. சைக்கிளில் எதையாவது மாற்றுவதென்றால் முதலில் சக்கரத்தை மாற்று என்று படித்திருந்தான். நாற்பது நாள் போனில் சக்கரங்களாகவே பார்த்தான். பெண் பார்க்கும்போதுகூட இத்தனை கேள்வி கேட்டதில்லை. எத்தனை கிராம், எத்தனை கம்பி, நடுவில் இருக்கும் ஹப்புக்குள் என்ன பேரிங். கடைசியில் கடைக்குப் போனான்.

“கார்பன் ரிம் போடலாமாக்கா?”

“போடலாமே. வீட்டுப் பத்திரம் கொண்டாந்திருக்கியா?”

தபால்காரர் சிரித்தார்.

“எடை கொறையணும்க்கா. மேடு ஏறவே முடியல.”

“எடை கொறையணும்னா மொதல்ல அந்த வயித்தக் கழட்டி வை. எரநூறு கிராமுக்கு என்ன பேச்சுப் பேசற!”

அக்கா கூரையில் மாட்டியிருந்த ஒரு ஜோடியை இறக்கினாள். அலுமினியம். அவளே கட்டியது. “முன்னாடி இருபத்துநாலு கம்பி, பின்னாடி இருபத்தெட்டு. உன் ஒடம்புக்கு இதுக்குக் கொறைஞ்சு போகாத. ஹப்பு நல்லதா இருந்தா போதும், மத்ததெல்லாம் ஸ்டிக்கர்.” கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டினாள். எல்லாம் ஒரே சத்தம் கொடுத்தன. ஹப்பைச் சுழற்றிவிட்டாள். தபால்காரர் தன் ஊர்க்கதை ஒன்றைச் சொல்லி முடிக்கிற வரையில் அது சுற்றிக்கொண்டேயிருந்தது. அவன் விழுந்துவிட்டான்.

பிறகு அக்கா அவனுடைய பழைய முன்சக்கரத்தைக் கழற்றி, ரிம்மில், அதாவது வெளி வளையத்தில், பிரேக் கட்டை உரசும் பக்கத்தில் கட்டைவிரலை ஓட்டினாள்.

“இங்க தடவு.”

தடவினான். தட்டையாக இருக்க வேண்டிய உலோகம் கிண்ணம்போல உள்வாங்கியிருந்தது.

“இங்க ஊசி நுனி அளவுக்கு ஒரு குழி இருக்கணும். தூரத்துலேர்ந்து பாத்தா கறுப்பா புள்ளி மாதிரி தெரியும். பிரேக் உரச உரச ரிம்மு தேயும். புள்ளி மறைஞ்சா அதோட ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம். பின்னாடி இருக்கு. முன்னாடி போயிடுச்சு.”

“அப்புறமும் ஓட்டினா?” கேட்டது தபால்காரர். இவன் அல்ல.

“எறக்கத்துல பிரேக் புடிக்கும்போது தகரம் மாதிரி பொளந்துக்கும். ஆளு ஹேண்டிலுக்கு மேல போவான்.” அக்கா சக்கரத்தை அவன் கையில் கொடுத்தாள். “யாருக்கும் குடுத்துடாத. பழைய இரும்புக் கடையில போடு.”

“சரிக்கா.”

[முதல் வரைவில் கடைசி நான்கு வரிகள் கிடையாது. அதில் அக்கா சக்கரத்தைப் பார்த்துவிட்டு “ம்ம்” என்று மட்டும் சொல்வாள். அந்த வரைவு சிறப்பாக இருந்தது. மௌனத்துக்கு ஒரு கனம் கிடைத்திருந்தது.]

3

புதுச் சக்கரத்துக்குக் கையில் இருந்த பணம் முக்கால் பங்கு. கால் பங்கு குறைந்தது. இதற்குமேல் இந்தக் கதையில் கணக்கு வராது.

4

தங்கை புருஷன் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவர். கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்து இருக்கையில், காலடியில் தனியாக ஒரு பிரேக்கோடு, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர். சர்க்கரை ஏறிவிட்டது, சைக்கிள் ஓட்டுங்கள் என்று டாக்டர் சொல்ல, பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார். அதில் இரண்டு சக்கரமும் கோணல்.

“மச்சான், நீங்க புதுசு மாத்தறீங்களாமே. பழச எனக்குக் குடுத்துடுங்க. சும்மா வேணாம், வெலைக்கு.”

இரண்டாம் வரைவில் அவன் இந்த மனிதரைக் கெட்டவராக்கிப் பார்த்தான். “வேலைவெட்டி இல்லாத மச்சான்” என்று நாலு பேர் முன்னால் இடித்துக் காட்டுகிறவராக, தங்கையை அதட்டுகிறவராக, கஞ்சனாக எழுதினான். இரண்டு பக்கம் தாராளமாக வந்தது. வாசித்தால் உங்களுக்கே தோன்றியிருக்கும், இந்த ஆளுக்கு வேண்டியதுதான் என்று. பிறகு அந்தப் பக்கங்களைக் கிழித்தான். மனசாட்சி என்று சொன்னால் பொய். வேலையை விட்ட வாரம் அவர் வந்து ஒன்றும் கேட்காமல், “மச்சான், இனிமே பகல்ல தூங்கணும்னு இல்லையில்ல, வாங்க, ஒரு ரவுண்டு போலாம்” என்று காரில் ஏற்றிக்கொண்டுபோனது நினைவுக்கு வந்து தொலைந்தது. ஒன்று சொல்லலாம்: தெருவில் ஒரு பூனை குறுக்கே வந்தாலும் அவர் வலது கால் தானாகக் கீழே அழுத்தும். காரில் மட்டுமல்ல, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும்.

(சைக்கிளிலும் அப்படித்தான். இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டு கையும் பிரேக்கைப் பிடித்துவிடும். இதை அவன் கூடவே ஓட்டிப் பார்த்திருக்கிறான். தெரியாது என்று சொல்ல வழியில்லை.)

5

இனி தள்ளிப்போட முடியாது.

வாங்க வருவதற்கு முந்தின நாள் மாப்பிள்ளை போனில் ஒரு வீடியோ அனுப்பினார். பழைய சக்கரம் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. “மச்சான், இதப் பாருங்க, புள்ளின்னு என்னமோ சொல்றான்.”

அவன் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்தான். பின்சக்கரத்துப் புள்ளியைப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தான். முதல் புள்ளி பெரிதாகிவிட்டது, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். இரண்டாவது கச்சிதமாக வந்தது. பதினோரு வருடம் எழுதிய கை.

மறுநாள் மாப்பிள்ளை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார்.

“ஒரு புள்ளி இருக்கணுமாம்…”

“இருக்கு பாருங்க மாப்ள.”

“ஆமா, இருக்கு இருக்கு.” நிமிர்ந்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “நீங்க குடுக்கறதுல போயி புள்ளி தேடறேன் பாருங்க. தப்பா எடுத்துக்காதீங்க மச்சான்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள.”

அதெல்லாம் ஒண்ணுமில்ல. இந்த வாக்கியத்தை மெருகேற்ற முடியவில்லை. அப்படியே விட்டிருக்கிறான்.

6

முடிவுகள், இதுவரை எழுதியவை:

அ. இறக்கத்தில் ரிம் பிளக்கிறது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில். தங்கை வராந்தாவில். அவன் சுவரோரம் நின்று அழுகிறான். (அவனுக்கு அழ ஒரு இடம் வேண்டும் என்பதற்காக ஒரு மனிதரின் தாடையை உடைப்பதா? வேண்டாம்.)

ஆ. பிரேக் கட்டை மாற்றக் கடைக்குப் போகிறார். அக்கா பார்த்துவிடுகிறாள். (வேறு யாராவது பார்த்துச் சொல்லிவிட மாட்டார்களா என்று மூன்று வாரமாக அவன் காத்திருந்ததுதான் இந்த முடிவு.)

இ. ஒன்றும் ஆகவில்லை. சக்கரம் இன்னும் பத்து வருடம்

இதை முடிக்கவில்லை. ஏனென்றால் இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான், இன்று சாயங்காலம், தங்கை போன் செய்தாள்.

7

“அண்ணா, சும்மாதான் இருக்க?”

“எழுதிட்டிருக்கேன்.”

“அதான், சும்மாதான இருக்க. கேளு. இவரு ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருக்காரு. நீ குடுத்த சக்கரத்துல ஏதோ புள்ளியாமே, அது தேஞ்சு போச்சாம்.”

மார்க்கர் மை பிரேக் உரசலுக்கு ஒரு வாரம் தாங்கியிருந்தாலே அதிசயம்.

“மச்சான் பாத்துப் பாத்து வெச்சிருந்தத மூணே வாரத்துல தேச்சுட்டேனே, சும்மா சும்மா பிரேக்கப் புடிச்சே கெடுத்துட்டேனேன்னு பொலம்பறாரு. உங்கிட்ட சொல்ல வெக்கமா இருக்காம். நான் சொன்னதா காட்டிக்காத.”

“ஓட்டாம இருக்கச் சொல்லு.”

“நாளைக்கு ஒரு நாள்தான். விடிஞ்சதும் சைக்கிள்ல அந்த ஏரி மேட்டுக்குப் போறாங்களாம், பதினஞ்சு பேரு. வரலைன்னு சொல்லக் கூச்சமாம். போயிட்டு வந்து மாத்திக்கறாராம். கேக்கறியாண்ணா?”

“கேட்டுட்டுதான் இருக்கேன்.”

“வேற ஒண்ணுமில்லையே? வெச்சுடவா?”

வைத்துவிட்டாள். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவனும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

8

அவன் செய்த தப்புக்கு இன்னொருவர் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார். இப்படி ஒரு திருப்பத்தை அவனால் யோசித்திருக்க முடியாது. யோசித்திருந்தால், கொஞ்சம் அதிகம்தான் என்று வெட்டியிருப்பான்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் புதுச் சக்கரங்களைக் கழற்றியாயிற்று. கையில் விரல்கள் கறுத்திருக்கின்றன, தாளில் அடையாளம் தெரிந்தால் அதுதான் காரணம். தங்கை வீடு நடந்து போகிற தூரம். விளக்கு வைப்பதற்குள் போய்விடலாம். அங்கே போய்ச் சொல்ல இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன.

ஒன்று: “தேஞ்சா என்ன மாப்ள, இந்தாங்க, என்னோடதப் போட்டுக்கங்க.”

இதைச் சொன்னால் எல்லாருக்கும் சந்தோஷம். நாளைக்கு யாருக்கும் அடிபடாது. தங்கை கண்கலங்குவாள். மாப்பிள்ளை மச்சானின் பெருந்தன்மையைக் காரில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். சாகும்வரை தான்தான் அந்தச் சக்கரத்தைக் கெடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்பார். கதையாகப் பார்த்தால் இதுதான் நல்ல முடிவு, வாசகர்களுக்குப் பிடிக்கும். அவனுக்கும் பிடித்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

இரண்டு: “மாப்ள, அந்தப் புள்ளி தேயல. அத நான்தான் வரைஞ்சேன்.”

இந்தக் கதையில் அவன் ‘நான்’ என்று எழுதிவிட்டு அடிக்காமல் விட்டது இது ஒன்றுதான்.

எதைச் சொன்னான் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், அது எதுவாக இருந்தாலும், நீங்கள் நம்பக் கூடாது. ஒரு புள்ளியை அசல்போல வரையத் தெரிந்தவனுக்கு ஒரு வாக்கியம் எம்மாத்திரம்? ஆறுமாதம் கழித்து நீங்கள் அந்த டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் அவர் மச்சானைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவர் வலது கால் என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.

கடைசி வரியை மட்டும் முன்கூட்டியே எழுதிவைக்கிறான். எழுதிவைத்துவிட்டால் எழுந்தாக வேண்டும்.

தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டு, மார்க்கரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு சக்கரங்களையும் வெளியே படியில் சாய்த்து வைத்தான். கதவைச் சாத்திப் பூட்டினான்.