ஜூன் முப்பத்தோராம் திகதி

சிட்னிக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை, மற்றவர்களுடைய சிறுநீரின் நிறத்தை எண்களாக மாற்றுவது. நான் பேராதனையில் கணிதத்தில் சிறப்புப் பட்டம் எடுத்தவள். ஊருக்கு எழுதிய கடிதங்களில் 'ஆராய்ச்சி உதவியாளர்' என்று மட்டும் எழுதினேன். அம்மா அதை அயலெல்லாம் சொல்லித் திரிந்தாள். நானும் திருத்தப் போகவில்லை.

அது 1977. டொக்டர் விக்னராஜா ஒரு பெரிய வைத்தியசாலையில் நீரிழிவு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். வைத்தியசாலையின் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அவருக்கு ஐம்பது வயது. கோடையிலும் கழுத்துப்பட்டி கட்டுவார். தானும் நீரிழிவுக்காரர் என்பதை ஒளிக்க மாட்டார், சொல்லப்போனால் அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவருடைய கொள்கை இதுதான்: நீரிழிவு போன்ற நீண்டகால நோயை வைத்தியர் பராமரிக்க முடியாது. வருடம் முழுவதும் கூட்டிப் பார்த்தாலும் நோயாளி வைத்தியரோடு இருப்பது ஒரு மணித்தியாலம். மிச்ச நேரத்துக்கு அவரேதான் தன்னுடைய வைத்தியர். ஆகவே அவர் கையில் ஒரு கொப்பியைக் கொடுங்கள்.

அந்தக் கொப்பியை அவரே வடிவமைத்தார். மாதத்துக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒரு வரி. காலையில் எழும்பியதும் கண்ணாடிக் குழாயில் ஐந்து துளி சிறுநீரும் பத்துத் துளி தண்ணீரும் விட்டு ஒரு மாத்திரையைப் போட வேண்டும். அது கொதித்து அடங்கும்போது நிறம் தெரியும். நீலம் என்றால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். செம்மஞ்சள் என்றால் வில்லங்கம். அந்த நிறத்தை அன்றைய வரியில் எழுத வேண்டும். எல்லாப் பக்கத்தையும் ஒரே அச்சில் அடிப்பது சுகம் என்று அச்சகத்தார் ஒவ்வொரு மாதத்துக்கும் முப்பத்தொரு வரி போட்டுவிட்டார்கள். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

நாற்பத்திரண்டு நோயாளிகள் ஒரு வருடம் எழுதினார்கள். முதல் மாதத்தில் பக்கமெல்லாம் செம்மஞ்சள். கடைசி மாதத்தில் பக்கமெல்லாம் நீலம். டொக்டர் வானத்தில் பறந்தார். ஒக்டோபரில் மெல்பேர்ண் மாநாட்டில் இதை வாசிக்கப் போகிறார். அதற்கு அடுத்த கிழமை, எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த பேராசிரியர் பதவிக்குத் தெரிவு. அது அவருக்குத்தான் என்று தேநீர் கொண்டுவரும் பெண்மணிவரை பேசிக்கொண்டார்கள். அவர் பேராசிரியரானால் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்படும் என் வேலையும் நிரந்தரமாகும்.

ஒரே ஒரு கரைச்சல் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைத்தியசாலையில் எடுத்த இரத்தத்தில் சீனி இறங்கவில்லை. அதற்கு டொக்டர் விளக்கம் வைத்திருந்தார். வைத்தியசாலையைக் கண்டால் பயம், பயத்தில் சீனி ஏறும் என்றார். நான் நம்பினேன். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

ஓகஸ்ட் மாதம், கொப்பிகளில் இருந்ததையெல்லாம், அந்தக் காலத்துக் கணினி வாசிக்கும் விதமாக அட்டைகளில் துளையிட்டுப் பல்கலைக்கழகத்தின் கணினிக்கு அனுப்பினேன். மறுநாள் ஒரு கட்டு அட்டை திரும்பி வந்தது. மேலே ஒரு தாள்: 'இல்லாத திகதி.' நான்தான் பிழையாகத் துளையிட்டுவிட்டேன் என்று பதறிப்போய்க் கொப்பிகளை எடுத்தேன். என்னில் பிழை இல்லை. கொப்பியிலேயே இருந்தது. ஜூன் 31, நீலம்.

அடுத்த கொப்பியிலும் ஜூன் 31, நீலம். இன்னொன்றில் செப்டெம்பர் 31. பெப்ரவரியிலும் முப்பத்தொரு நாள் வாழ்ந்தவர்கள் ஒன்பது பேர். தினமும் காலையில் எழுதுகிறவன் முப்பதாம் திகதிக்கு அடுத்த நாள் புதுப் பக்கத்துக்குப் போய்விடுவான். ஒரே இருப்பில் மாதத்தை நிரப்புகிறவன்தான் அடிவரைக்கும் எழுதிக்கொண்டு போவான். எனக்குச் சிரிப்பு வந்தது. எண்ணத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பத்திரண்டு பேரில் இருபத்தாறு பேர். அவர்களை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் பதினாறு கொப்பியிலும் முதல் மாதம் இருந்த செம்மஞ்சள் கடைசி மாதமும் அப்படியே இருந்தது.

டொக்டரின் கொப்பியும் என் மேசையில் கிடந்தது. தான் செய்யாததை மற்றவரிடம் கேட்கமாட்டேன் என்று அவரும் வருடம் முழுவதும் எழுதியிருந்தார். அதற்கு இலக்கம் பூச்சியம். கணக்கில் சேராது, ஆனால் விரிவுரைகளில் அதைத்தான் தூக்கிக் காட்டுவார். மற்றவையோடு ஒப்பிட்டுப் பார்க்க அதையும் துளையிடவென்று ஒரே ஒரு நாள் இரவல் தந்திருந்தார். ஜூன் பக்கத்தைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன்.

பதினொரு நாள் வாய் திறக்கவில்லை. நான் இருந்த ஹோம்புஷ் பிளாட்டிலிருந்து ரெயிலில் வரும்போது இன்றைக்குச் சொல்வது என்று வருவேன், பின்னேரம் சொல்லாமலே திரும்புவேன். பன்னிரண்டாம் நாள் பட்டியலை அவர் முன்னால் வைத்தேன்.

"ஒருத்தர் ரெண்டு பேர் தவறி எழுதியிருப்பினம், இரஞ்சிதம்."

"இருபத்தாறு பேர், டொக்டர்."

"என்ரை நோயாளியள் எனக்குப் பொய் சொல்லமாட்டினம். உமக்கு அவையளைத் தெரியாது, எனக்குத் தெரியும்."

"அப்ப கேட்டுப் பாப்பம்."

எனக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அவர் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

ஹரிஸ் பார்க்கில் ஹரி டொய்ல் என்ற ஓய்வுபெற்ற ரெயில்வேக்காரர் இருந்தார். அவருடைய கொப்பிதான் எல்லாவற்றிலும் அழகானது, கடைசி நான்கு மாதமும் ஒரே நீலம். பலகை வீட்டின் முன்னால் எங்களைக் கண்டதும் அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தேநீரும் பிஸ்கற்றும் வைத்தார், தானும் நாலு பிஸ்கற் சாப்பிட்டார். கொப்பியை எப்போது எழுதுவீர்கள் என்று டொக்டர் கேட்டார். கிளினிக்குக்கு வருகிற அன்று ரெயிலில்தான் என்று ஹரி ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பரமற்றாவில் ஏறினால் ரெட்ஃபேர்ண் வருவதற்குள் மூன்று மாதமும் முடிந்துவிடுமாம். தொடக்கத்தில் குழாயும் மாத்திரையுமாகச் செய்துதான் பார்த்தாராம். ஆனால் செம்மஞ்சளைக் கண்டால் டொக்டரின் முகம் வாடிப்போகிறது, நீலத்தைக் கண்டால் எழும்பிவந்து கையைக் குலுக்குகிறார். இத்தனை வயதில் தன்னால் ஒரு மனிதர் இவ்வளவு சந்தோசப்படுகிறார், அதைக் கெடுப்பானேன் என்றார். பிறகு கரவு எதுவும் இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்: "உங்களுடையதை நீங்கள் எப்போது எழுதுவீர்கள், டொக்டர்?"

"ஒவ்வொரு நாளும் காலையில்" என்றார் டொக்டர்.

காரில் ஏறியபிறகு அவர் அதை ஓட்டவில்லை. கைப்பையிலிருந்து தன்னுடைய கொப்பியை எடுத்து ஜூன் பக்கத்தை விரித்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீர் இதைப் பாத்தனீரோ?"

"ஓம், டொக்டர்."

"எப்ப?"

"முதல் நாளே."

"ஏன் சொல்லேல்லை?"

"பயத்திலை."

அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு பேசினார். அந்த ஜூனில் கூட்டங்களுக்காகக் கன்பராவில் நின்றதாகவும், குழாயைக் கொண்டுபோக மறந்ததாகவும், வந்தபிறகு முழு மாதத்தையும் ஒரே மூச்சில் எழுதியதாகவும் சொன்னார். பிறகு மெதுவாக, "நடுவிலை ரெண்டு பச்சையும் போட்டனான், பாக்க உண்மை மாதிரி இருக்கட்டும் எண்டு" என்றார்.

அதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஹரி டொய்லுக்கு அந்தக் கெட்டித்தனம்கூட இருக்கவில்லையே.

"முப்பத்தோராவது வரியளை எடுத்துவிட்டால் கொம்பியூட்டர் வாங்கும், என்ன?" என்று கேட்டார்.

"வாங்கும்."

"மெல்பேர்ணிலை ஒருத்தருக்கும் தெரியவராது."

"வராது."

அவர் கொப்பியைக் கைப்பையில் வைத்துவிட்டுக் காரை எடுத்தார். என்னை ஹோம்புஷில் இறக்கிவிட்டுப் போனார். அடுத்த ஆறு கிழமையும் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. கட்டுரையின் முடிவுப் பகுதியைத் தானே எழுதினார், எனக்குக் காட்டவில்லை. என்ன செய்யப்போகிறார் என்று கேட்க நானும் துணியவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்குப் பதவி போகும், எனக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் நாடு முழுக்க வைத்தியர்கள் இந்தக் கொப்பியைக் கொடுத்துவிட்டு நீலத்தை நம்பிக்கொண்டிருப்பார்கள், ஹரி டொய்ல் பிஸ்கற் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இரண்டில் எதை விரும்பினேன் என்று கேட்டால், சில நாட்களில் சொல்லாமல் விடட்டும் என்றுதான் விரும்பினேன்.

மெல்பேர்ண் மண்டபத்தில் முந்நூறு பேர். டொக்டர் முதல் ஸ்லைட்டைப் போட்டார். திரையில் ஜூன் மாதப் பக்கம், அடியில் 31, நீலம். மேலே இலக்கம் பூச்சியம். சபையில் யாரோ அதைக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள், சிரிப்பு பரவியது. "நீங்கள் பார்ப்பது என்னுடைய கொப்பி" என்றார் டொக்டர். சிரிப்பு நின்றது. இருபத்தாறு பேரைப் பற்றியும் சொன்னார். அவர்களைப் பொய் சொல்ல வைத்தது தன்னுடைய முகம்தான் என்றார். கேள்வி நேரத்தில் ஒரு கிழவர் எழும்பி, உண்மையில் ஜூன் முப்பதாம் திகதி உங்கள் நிறம் என்ன என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது. இந்த ஆராய்ச்சியின் முடிவும் அதுதான்."

பதவி பேர்த்திலிருந்து வந்த ஓர் இருதய வைத்தியருக்குப் போனது. டொக்டர் பேராசிரியரானது பல வருடம் கழித்து, வேறோர் ஊரில். பதவி கைநழுவிய செய்தி தெரிந்த அன்று அவருடைய மனைவி கமலினி அன்ரி எனக்கு ரெலிபோன் எடுத்தா. "ஒரு வரியைப் பாக்காமல் விட்டிருந்தால் உமக்கென்ன குறைஞ்சே போயிருக்கும், பிள்ளை?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டா.

என் வேலையை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டினார்கள். ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்கினோம். இந்தமுறை தாதிமாருக்கு ஒரு கட்டளை: நீலத்தைக் கண்டு நல்லது என்று சொல்லக்கூடாது, செம்மஞ்சளைக் கண்டு முகத்தைச் சுளிக்கவும் கூடாது. தனக்கும் அதே கட்டளையைப் போட்டுக்கொண்டார். கையைக் குலுக்காமல் இருக்க அவர் படும் பாட்டைப் பார்க்கப் பாவமாக இருக்கும். கொப்பியை மறுபடி அச்சடிக்கும்போது, இனி ஒவ்வொரு மாதத்துக்கும் சரியான நாள்கணக்கில் வரி போடுவோமா என்று கேட்டேன்.

"வேண்டாம், முப்பத்தொண்டும் இருக்கட்டும்" என்றார்.

1978 ஜூலை மூன்றாம் திகதி, திங்கட்கிழமை காலை, துளையிடச் சொல்லித் தன் கொப்பியை என் மேசையில் வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். ஜூன் பக்கத்தில் பதினாறு நாள் செம்மஞ்சள், ஐந்து நாள் பச்சை, ஒரு நாள் நீலம். எட்டு நாளுக்கு ஒன்றும் எழுதவில்லை. ஆனால் நான் முதலில் பார்த்தது கடைசி வரியைத்தான். அது வெறுமையாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, நல்லது என்று சொல்ல வாய் உன்னியது. கட்டளை நினைவுக்கு வந்தது. ஒன்றும் சொல்லாமல் அட்டையை எடுத்துத் துளையிடத் தொடங்கினேன்.