ஒரு விரல் துணி

என் வீட்டுக்காரர் முதலாளி ஆன அன்றைக்கே என்னை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்.

"இனிமே நீ மெஷின்ல உக்காரக் கூடாது. முதலாளி பொண்டாட்டி தையல் மெஷின் மிதிச்சா நல்லாவா இருக்கு?"

அதுவரை எங்கள் தையல்கடை ஒரே அறை. அவர் வெட்டுவார், நான் தைப்பேன். நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே சந்தோஷமாக இருந்தோம். இப்போது கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கூடம், வரிசையாகத் தையல்காரர்கள். கத்தரியை மட்டும் எமன் வந்து கேட்டாலும் அவர் தரமாட்டார். எனக்குக் கிடைத்தது புது வீடும் ஒரு சோபாவும். உட்கார்ந்தால் ஆளையே விழுங்கிவிடும்.

அவரோடு பேசுவதே பெரும்பாடாகிவிட்டது. போன் செய்தால் வரவேற்பில் இருக்கும் பெண் எடுப்பாள்.

"சார் மீட்டிங்ல இருக்காரு. நீங்க யாரு?"

"அவரு சம்சாரம்."

"எந்த விஷயமா?"

வந்ததே கோபம்! பெட்டியை இழுத்துப் போட்டுப் புடவைகளை அடுக்கினேன். அக்கா வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வருவதாக இல்லை.

பெட்டியை மூடும்போது அவரே வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. கையில் ஒரு கறுப்பு பேன்ட்.

பெரிய ஹோட்டல் ஒன்றின் திறப்பு விழா. பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் எங்கள் உடுப்பு. போட்டுப் பார்க்கக்கூட நேரம் தராமல் கடைசி நிமிஷத்தில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரு கையால் தட்டையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டே பரிமாறினார்களாம். சூப் கொண்டுவந்தவர் மட்டும் கடமை தவறாமல் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருக்கிறார். அதற்கு மேல் இவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"தையக்காரனுங்க எல்லாம் தண்டம்!" என்று குதித்தார்.

பேன்ட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். தையல் நேராக, அளவாக இருந்தது.

"அவங்க மேல குத்தமே இல்ல. நீங்கதான் ஒரு விரல் அகலம் கூடுதலா விட்டு வெட்டியிருக்கீங்க."

"நான் எப்பவும் அப்படித்தான வெட்டுவேன்!"

"எதுக்கு?"

தலையைச் சொறிந்தார். "நீ ஓரத்தை அதிகமா உள்ள இழுத்துத் தைப்ப. கல்யாணமான புதுசுலயே கவனிச்சேன். சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ. அதான் வெட்டும்போதே சேத்து வெட்டிப் பழகிட்டேன். இப்ப நீ தைக்கலங்கறது கைக்குத் தெரியல."

அளவு பிசகாமல் தைப்பவள் என்று இத்தனை வருஷமாக எவ்வளவு அலட்டியிருக்கிறேன்! கோபம்தான் வரவேண்டும். அழுகை வந்தது. இந்த மனுஷன் என்னை வேலையை விட்டுத் தூக்கினாரே தவிர, அவர் கை இன்னும் என்னைத் தூக்கவில்லை.

"ஏன் அழற?"

"என் மெஷின் எங்க?"

"கூடத்துல, என் மேஜைக்குப் பக்கத்துல. அதை எப்படி விப்பேன்?"

பெட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். என் மெஷினில் உட்கார்ந்து ஹோட்டலிலிருந்து திரும்பி வந்திருந்த கறுப்பு பேன்ட்டுகளைப் பிரித்து, ஒரு விரல் உள்ளே இழுத்துத் தைத்தேன். கச்சிதமாக இருந்தன. மதியம் அவர் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"சாப்பிடப் போலாமா?"

நான் தலையை நிமிர்த்தவில்லை.

"எந்த விஷயமா?" என்றேன்.