இழு

“மெதுவா, மெதுவா… எங்கயும் தட்டிராம!” என்று இன்ஷாப் பதறியது, சந்தூக்குப் பெட்டியில் இறந்த வாப்பாவின் ஜனாஸாவைத் தூக்கி வந்தவர்களிடம் என்றுதான் முற்றத்தில் நின்ற எல்லாரும் நினைத்தார்கள். வாப்பாமேல் எவ்வளவு பாசம் என்று பக்கத்து வீட்டு ஆசியா உம்மா மூக்கைச் சிந்தினாள். அவன் தங்கை சஹ்லாவுக்குத்தான் உண்மை தெரியும். கேற்றை அடைத்துக்கொண்டு நின்ற காரை அவள் புருசன் நௌஷாட் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தான். இன்ஷாப் சொன்னது அவனிடம்.

காருக்குள் இருந்தது காபன் சைக்கிள். கத்தாரிலிருந்து லீவில் வந்தபோது இன்ஷாப் கூடவே கொண்டுவந்தது. நாளைக்குக் கொழும்பில் சைக்கிளோட்டப் போட்டி, இன்று விடிய சுபஹ் தொழுததும் புறப்படுவதாக இருந்தான்.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுத பிறகு வாப்பாவும் மகனும் அதை ஏற்றிய கூத்தை ஒழுங்கைச் சனமே பார்த்தது. சில்லு இரண்டையும் கழற்றி முன் சீட்டில் வைத்தார்கள். மிச்சத்தைப் போர்வையில் சுற்றி, செயின் பக்கம் மேலே வரப் பின் சீட்டில் கிடத்தினார்கள். மேலே பாரம் வைக்கக் கூடாது, கம்பியால் கட்டக் கூடாது, குலுங்கவும் கூடாது. இத்தனைக்கும் இரண்டு விரலால் தூக்கலாம் என்று அவனே பெருமை பேசியிருந்தான்.

“காபன் எண்டா கரிதானே மகன்? கரிக்கா இவ்வளவு சீராட்டு?” என்று சிரித்துக்கொண்டே வாப்பா கச்சி முகம்மது, உடுத்திருந்த சாரனை மாற்றி வந்து, அதையே கயிறாக முறுக்கிச் சீட்டோடு வரிந்து கட்டினார். வெல்லாவெளி வரைக்கும் சாரன் பொதி கொண்டுபோய் வீடு வீடாக விற்ற கை. ஆட்டிப் பார்த்தான் இன்ஷாப். அசையவில்லை.

விடியும்போது வாப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சரிந்தார். சஹ்லா அண்ணனைப் பார்த்துக் கத்தினாள்.

“காக்கா, கார எடுங்க!”

“எப்படி எடுக்கிற? வாப்பாவக் கிடத்தவேணும், பின் சீட்டு முழுக்கச் சைக்கிள் கிடக்கே. அந்தக் கட்ட அவுக்கவே பத்து நிமிசம் செல்லும். வெட்டப்போனா பிரேம் கீறிரும். ஓட்டோக்குப் போன் அடிங்க.”

வாப்பா காரின் பக்கம் கையை நீட்டினார்.

“இழு… இழு…”

“பாத்தீங்களா, இழுப்புத்தான். பம்ப எடுங்க!” என்றான் இன்ஷாப்.

மூச்சு முட்டும் இழுப்பு நோய் அவருக்குப் பல வருசமாக இருந்தது. சஹ்லாவும் நம்பினாள். ஓடிப்போய் மருந்துப் பம்பை எடுத்துவந்து வாயில் வைத்தாள். அவர் அதைத் தட்டிவிட்டு மறுபடி அதையே சொன்னார். ஓட்டோ வர இருபது நிமிடம் ஆனது. ஆசுபத்திரிக் கேற்றுக்குள் திரும்பும்போது அவர் தலை அவள் மடியில் கனத்துவிட்டது. மாரடைப்பு என்றார் டொக்டர். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆண்களெல்லாம் ஜனாஸாவை அடக்க மையவாடிக்குப் போனபின் சஹ்லாவிடம் அவள் உம்மா கேட்டாள்.

“வாப்பாட சாரன் ஒண்டு தாங்க மகள்.”

மாமிமார் காலையிலேயே எல்லாவற்றையும் தோய்த்துப் போட்டிருந்தார்கள். அவர் வாசம் மிஞ்சியிருந்தது காருக்குள் கட்டிக்கிடந்த ஒன்றில்தான்.

சஹ்லா ஒழுங்கைக்குப் போய்க் கார்க் கதவைத் திறந்து முடிச்சுகளைத் தேடினாள். இருந்தது ஒன்றே ஒன்று. அதன் வால் ஒரு சாண் நீளத்துக்குக் கதவுப் பக்கமாக விடப்பட்டிருந்தது. பிடித்து இழுத்தாள், கொஞ்சம்தான். முடிச்சு வழுக்கிக்கொண்டு வந்தது, கட்டு முழுதும் தளர்ந்தது. வாசலுக்கு வாசல் பொதி அவிழ்க்கிறவர் போடுகிற முடிச்சு.

வாப்பா இழுப்பைச் சொல்லவில்லை.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அண்ணன்மேல், தன்மேல், அந்தக் கரிமேல். கையில் பம்புடன் நின்ற தன்னை நினைக்க நினைக்க ஆறவில்லை. பிறகு முடிச்சைப் பழையபடி இறுக்கிவிட்டு, சாரனில் கை வைத்தபடி அங்கேயே நின்றாள்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். இன்ஷாப் நேரே காரடிக்கு வந்தான்.

“சாரனா வேணும்? விடுங்க தங்கச்சி, நான் ஆறுதலா அவுத்துத் தாறன். வாப்பாட முடிச்சு, லேசில அவுறாது. காலையில நான் சொன்னதுதானே, பத்து நிமிசமும் காணாது.”

நௌஷாட் தலையாட்டினான்.

சஹ்லா சாரனின் வாலை எடுத்து அண்ணனின் கையில் வைத்தாள்.

“இழுங்க காக்கா.”

அவன் விரல்களில் மையவாடி மண் இன்னும் ஒட்டியிருந்தது.